அம்மிச்சிக்குப் பென்சன் நின்றது கஜானா காலியானதாலா?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கமுங்க. அந்தியூர் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதறனுங்க. எங்க அம்மிச்சிக்கு (அம்மாவப் பெத்தவங்க) 74 வயசு. முதியோர் பென்சன் மாசம் 1,200 ரூபாய் வந்துட்டிருந்துச்சு. மூணு மாசமா வர்றதில்லீங்க. பணம் குடுக்க வர்ற பேங்க் அம்மா, லிஸ்ட்ல பேரே இல்லைங்கறாங்க. விஏஓ ஆபீஸ்ல கேட்டா, "கவர்ன்மெண்ட்ல காசில்ல, எல்லாத்தையும் வெட்டறாங்க, புதுசா எழுதிப் போடு"ங்கறாங்க. உனக்கு மகளிர் உரிமைத் தொகை வர்றதாலதான் அம்மிச்சிக்கு நின்னுபோச்சுன்னு இன்னொருத்தரு சொல்றாரு. டிவியப் போட்டா ஒரு கட்சி கடன் கடன்னு கத்துது, இன்னொரு கட்சி டெல்லி காசு தர்றதில்லைங்குது. எங்க ஊர்ல மட்டும் பத்துப் பேருக்கு மேல நின்னிருக்குதுங்க. நெசமாவே காசில்லாமத்தான் நிறுத்தறாங்களா? நாங்க யாருகிட்டச் சண்ட போடறதுங்க?

பதில் (நலத்திட்ட வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர்):

அம்மிணி, முதலில் ஒரு காரியம். "புதுசா எழுதிப் போடு" என்ற பேச்சைக் கேட்டு இ-சேவை மையத்தில் புது மனு போட்டுவிடாதீர்கள். நின்றுபோன ஓய்வூதியத்தைத் திரும்பக் கேட்பது வேறு, ஓய்வூதியமே வேண்டும் என்று புதிதாகக் கேட்பது வேறு. புது மனு போட்டால் உங்கள் அம்மிச்சி வரிசையில் கடைசி ஆளாகிவிடுவார். விஏஓ, வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் என்று விசாரணை முதலிலிருந்து நடக்கும். அனுமதி கிடைத்தாலும் அந்த நாளிலிருந்துதான் பணம் வரும். நின்றுபோன மாதங்களின் நிலுவை போனது போனதுதான். அதைவிட மோசம், பழைய ஓய்வூதியத்தை நிறுத்தியது சரி என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஏற்கெனவே புது மனு போட்டிருந்தால் பரவாயில்லை, அதன் ஒப்புகை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, கீழே சொல்லும் மனுவையும் தனியாகக் கொடுங்கள்.

இனி, காசு இல்லையா என்ற கேள்வி.

நெருக்கடி உண்மைதான். 2025-26 நிதிநிலை அறிக்கைப்படி தமிழ்நாட்டின் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி ரூபாய். நிதிப் பற்றாக்குறை, அதாவது எல்லாச் செலவுக்கும் சேர்த்துக் கடன் வாங்க வேண்டிய அளவு, 1,06,963 கோடி. 2026 மார்ச் கடைசியில் நிலுவைக் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்று அதிலேயே கணக்குக் காட்டியிருந்தார்கள். டிவியில் கத்துவது பெரும்பாலும் இந்தக் கடைசி எண்ணைத்தான். 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்றொரு கணக்கு வந்தது. அதையும் அவரவர் வசதிக்கு எடுத்துப் பேசினார்கள். இந்த எண்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மாநிலத்தின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் கடன் சுமார் 26 விழுக்காடு. ஒரு மாநிலம் முழுகிப்போகும் அளவு இல்லை. உண்மையான சிக்கல் வருவாய்ப் பற்றாக்குறையில் இருக்கிறது. சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கே வரி வருமானம் பத்தாமல் கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

நினைத்த அளவு கடனும் வாங்க முடியாது. அரசியல் சட்டப் பிரிவு 293(3)-ன்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். மாநில உற்பத்தியில் 3 விழுக்காடு என்ற வரம்பு, 2003-ல் தமிழ்நாடு தானே இயற்றிக்கொண்ட நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்திலும் இருக்கிறது. ஜிஎஸ்டி வரியால் மாநிலத்துக்கு ஏற்பட்ட இழப்புக்கு டெல்லி கொடுத்துவந்த இழப்பீடு 2022 ஜூன் 30-ஓடு நின்றுவிட்டது. பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு வர வேண்டிய 2,152 கோடியை, ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று டெல்லி 2024-25-ல் நிறுத்தி வைத்தது. 100 நாள் வேலையில் கூலி முழுவதையும் ஒன்றிய அரசு கொடுத்த நிலை மாறி, 2025 டிசம்பரில் நிறைவேறிய புதுச் சட்டத்தில் செலவில் 40 விழுக்காடு மாநிலத்தின் தலையில் விழுந்திருக்கிறது. ஆக, டெல்லி காசு தருவதில்லை என்ற பேச்சிலும் உண்மை இருக்கிறது, கடன் ஏறிவிட்டது என்ற பேச்சிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் இதில் எதுவும் உங்கள் அம்மிச்சியின் பெயர் பட்டியலில் இல்லாமல் போனதற்குக் காரணம் ஆகாது. பணம் இல்லாவிட்டால் தொகை தாமதமாகும். பெயர் காணாமல் போகாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் இதே முதியோர் ஓய்வூதியம் வாங்கும் ஐந்தாறு பேரின் பாஸ்புக்கைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே மாதத்தில் நின்றிருந்தால் அது மேலிருந்து தொகை விடுவிக்காத தாமதம். ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துச் சேர்த்து வரும். சிலருக்கு வந்து சிலருக்கு மட்டும் நின்றிருந்தால் அது பெயர் நீக்கம், அல்லது வங்கிக் கோளாறு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் ஊரில் நடந்திருப்பது பெயர் நீக்கம் போலத்தான் தெரிகிறது.

நெருக்கடி நேரத்தில் எந்தக் கட்சி ஆண்டாலும், "முதியோர் ஓய்வூதியத்தைக் குறைக்கிறோம்" என்று அரசாணை போடத் துணியாது. அதன் காரணம் நம் பக்கத்து வரலாற்றிலேயே இருக்கிறது. மின்கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கக் கேட்டு 1970-ல் கோவை மாவட்ட விவசாயிகள் போராடியபோது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து 3 பேர் இறந்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் கோவை வீதிகளை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். இலவச மின்சாரம் அந்தப் போராட்டங்களில் விளைந்தது. அப்புறம் 2001-ல் ஆட்சி மாறியதும், நிதியமைச்சர் பொன்னையன் ஒரு வெள்ளை அறிக்கை வைத்தார். அதன் தொடர்ச்சியாக வந்த சிக்கனத்தில் விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் வந்தது, மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களின் ரேஷன் அட்டையில் 'எச்' முத்திரை விழுந்து அரிசி நின்றது, அரசு ஊழியர் சலுகைகள் குறைந்தன. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய 1,70,000 பேர் ஒரே அடியில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களிலும் ஆளும் அதிமுக கூட்டணி தோற்றது. மே மாதமே 'எச்' முத்திரையும் விவசாய மின்கட்டணமும் திரும்பப் பெறப்பட்டன.

வெளிப்படையாக வெட்டினால் பாதிக்கப்பட்டவர்கள் ஒரே நாளில் ஒன்று சேர்ந்துவிடுவார்கள் என்பதை அன்றிலிருந்து எல்லாக் கட்சிகளும் அறிந்து வைத்திருக்கின்றன. அதனால் இப்போது வெட்டு வேறு உருவத்தில் வருகிறது. திட்டம் அப்படியே இருக்கும், விளம்பரமும் இருக்கும். புது மனுக்களுக்கு அனுமதி தராமல் மாதக்கணக்கில் கிடப்பில் போடுவார்கள். விலைவாசி ஏறினாலும் தொகையை ஏற்ற மாட்டார்கள். முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசு கொடுக்கும் பங்கு 2007 முதல் இன்று வரை மாதம் 200 ரூபாய்தான். இதைவிடச் சத்தமில்லாத வெட்டு ஒன்று உண்டா? மூன்றாவது வழி 'தகுதி ஆய்வு'. ஆதார், ரேஷன் அட்டை, நிலம், வாகனம் என்று தரவுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துப் பெயரைக் கழிப்பது. 2021-ல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 சவரன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்த பிறகு, ஆய்வு செய்த சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கு மேல் தகுதியில்லை என்று தள்ளினார்கள். அதில் முறையாகத் தள்ளப்பட்டவையும் உண்டு. ஆனால் தள்ளப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, தன் காகிதத்தில்தான் ஏதோ குறை என்று எண்ணி வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஊருக்குப் பத்துப் பேராகச் சிதறிக் கிடக்கும் வெட்டை யாரும் வெட்டு என்று சொல்வதில்லை.

இதில் மிச்சமாகும் காசு எவ்வளவு என்பதையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். மாதம் 1,200 என்றால் வருடம் 14,400. ஒரு லட்சம் பேருக்கு 144 கோடி. மேலே சொன்ன வருவாய்ப் பற்றாக்குறையில் நூற்றில் ஒரு பங்கை அடைக்க வேண்டுமானால் ஏறக்குறைய 2,89,000 முதியவர்களின் பென்சனை முழுசாக நிறுத்த வேண்டும். கஜானாவைக் காப்பாற்ற இது வழியே இல்லை. கூட்டத்தில் யாராவது "காசில்லம்மா" என்றால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

உரிமைத் தொகை விஷயம் சுருக்கமாக. உரிமைத் தொகையையும் முதியோர் ஓய்வூதியத்தையும் ஒரே பெண்மணி வாங்க முடியாது. ஆனால் முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர் வீட்டில் இருக்கிறார் என்பதற்காக அதே அட்டையில் உள்ள இன்னொரு பெண்ணுக்கு உரிமைத் தொகை மறுக்கக் கூடாது என்று 2023 ஆகஸ்டில், திட்டம் தொடங்கும் முன்பே விதியைத் தளர்த்திவிட்டார்கள். உங்களுக்கு 1,000 வருவது அம்மிச்சியின் பெயரை நீக்கக் காரணம் ஆகாது. யாராவது அப்படிச் சொன்னால், "அதையே எழுத்தில் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள்.

அலுவலகத்துக்குப் போகும் முன் வங்கிக்குப் போங்கள். அங்கே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பாஸ்புக்கில் எண்ட்ரி போட்டு வாங்கி, கடைசியாக ஓய்வூதியம் எந்தத் தேதியில் வரவாகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தேதியும் தொகையும்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம். அடுத்து, கணக்கு நடப்பில் இருக்கிறதா, கேஒய்சி (வங்கியில் கொடுக்கும் அடையாள, முகவரி விவரம்) காலாவதியாகி முடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாவதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆதார் எண் வழியாக அனுப்பும் எந்தத் தொகையும், அந்த ஆதாரைக் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைத்தோமோ அங்கேதான் போய் விழும். 100 நாள் வேலைக்கென்றோ, குழுக் கடனுக்கென்றோ அம்மிச்சி பெயரில் வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி ஆதாரைக் கொடுத்திருந்தால், பணம் மூன்று மாதமாக அந்தப் புதுக் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கலாம். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். அம்மிச்சியின் ஆதாரில் உள்ள கைப்பேசி எண் உயிரோடு இருந்தால் ஓடிபி வரும். இல்லையென்றால் வங்கி மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

வங்கியில் குறை இல்லை என்று தெரிந்தபின் மனு. அந்தியூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் போய்ப் பொத்தாம்பொதுவாக வட்டாட்சியர் பெயருக்குக் கொடுக்காதீர்கள். தனி வட்டாட்சியர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) என்று ஒருவர் இருப்பார், அவர் பெயருக்கே எழுத வேண்டும். "வயதானவர், கஷ்டப்படுகிறார், கருணை காட்டி உதவுங்கள்" என்று எழுதினால், அதைப் புது உதவி கேட்கும் மனுவாக எடுத்துக்கொண்டு, "இ-சேவையில் விண்ணப்பிக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கருணை கேட்க வேண்டியதில்லை. இப்படி எழுதுங்கள்:

"பொருள்: நிறுத்தப்பட்ட முதியோர் ஓய்வூதியத்தை நிலுவையுடன் தொடர்ந்து வழங்கக் கோருதல். (எண்) அனுமதி ஆணைப்படி (மாதம், ஆண்டு) முதல் நான் முதியோர் ஓய்வூதியம் பெற்று வந்தேன். கடைசியாக (தேதி) அன்று 1,200 ரூபாய் வரவானது. அதன்பின் எனக்கு எந்த அறிவிப்பும் தராமலும், என் தரப்பைக் கேட்காமலும் ஓய்வூதியம் நிறுத்தப்பட்டுள்ளது. நான் இதே முகவரியில்தான் வசிக்கிறேன். வேறு ஓய்வூதியம் எதுவும் பெறவில்லை. நிறுத்த ஆணையின் நகலையும் விசாரணை அறிக்கையின் நகலையும் எனக்கு வழங்கி, நிறுத்திய மாதம் முதலான நிலுவையுடன் ஓய்வூதியத்தைத் தொடர்ந்து வழங்க வேண்டுகிறேன்."

கீழே அம்மிச்சியின் இடது பெருவிரல் ரேகை, பக்கத்தில் சாட்சியாக உங்கள் கையெழுத்து. இணைப்பாக அனுமதி ஆணை நகல், பாஸ்புக்கின் கடைசி இரண்டு பக்கங்கள், ரேஷன் அட்டை, ஆதார். அனுமதி ஆணை தொலைந்திருந்தால் மனுவை நிறுத்த வேண்டாம். எண் தெரியவில்லை என்று எழுதி, பாஸ்புக் வரவையே ஆதாரமாகக் காட்டுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள். "நிறுத்த ஆணையின் நகல்" என்ற சொற்களைத்தான் விடக்கூடாது. பல இடங்களில் அப்படி ஓர் ஆணையே இருக்காது, கணினியில் ஒரு குறிப்போடு பெயரை எடுத்திருப்பார்கள். ஆணை இல்லாமல் நிறுத்தியிருந்தால் உங்கள் கை ஓங்கும். ஆணை இருந்தால் அதில் காரணம் இருக்கும், அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லலாம். "இறந்துவிட்டார்", "இடம்பெயர்ந்தார்", "மகன் ஆதரவு உள்ளது", "இரட்டைப் பதிவு" என்பவைதான் வழக்கமாக வரும் காரணங்கள். முதல் இரண்டுக்கும் அம்மிச்சியையே அழைத்துப்போய் அலுவலகத்தில் நிறுத்துவதைவிடப் பெரிய பதில் இல்லை. மகன் ஆதரவு என்று எழுதியிருந்தால், மகனின் தனி ரேஷன் அட்டையையும், அவர் எங்கே என்ன கூலி வேலை செய்கிறார் என்பதையும் எழுத்தில் காட்டுங்கள். தறிக் கூலியில் தன் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் மகன், தாயைத் தாங்கும் நிலையில் இருக்கிறார் என்று அலுவலகத்தில் உட்கார்ந்தபடி முடிவு செய்ய முடியாது. விசாரித்துத்தான் சொல்ல வேண்டும்.

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் கோபி வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடாக அனுப்புங்கள். அப்புறம் ஈரோடு ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டம். அங்கே கொடுக்கும் மனுவும் சுற்றிக்கொண்டு அந்தியூருக்கே வந்து சேரும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் அதற்கு ஓர் எண் கிடைக்கும், அந்த எண்ணுக்குப் பதில் சொல்லும் கட்டாயம் அவர்களுக்கு உண்டு. முந்தைய மனுவின் முத்திரைப் பிரதியை இணைத்தால், "மனு வரவே இல்லை" என்று சொல்ல முடியாது.

இதோடு சேர்த்துத் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்று. வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, பிரிவு 6(1)-ன்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. "ஏன் நிறுத்தினீர்கள்" என்று கேட்காதீர்கள். ஏன் என்பது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பிவிடுவார்கள். இருக்கும் காகிதத்தைக் கேளுங்கள்: அம்மிச்சியின் நிறுத்த ஆணை, விசாரணை அறிக்கை இவற்றின் நகல், அந்தியூர் வட்டத்தில் கடந்த 12 மாதங்களில் மாதவாரியாக எத்தனை ஓய்வூதியம் புதிதாக வழங்கப்பட்டது, எத்தனை நிறுத்தப்பட்டது, என்னென்ன காரணத்தால், எத்தனை மனுக்கள் நிலுவை, பயனாளிகளை மறு ஆய்வு செய்யச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கைகளின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதற்கும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. இரண்டாவதாகக் கேட்ட மாதவாரிக் கணக்கில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. மாதம் முப்பது, நாற்பது என்று ஓடிய நிறுத்தம் திடீரென்று ஒரு மாதத்தில் முந்நூறு, நானூறு என்று எகிறியிருந்தால், அது தற்செயலாக நடந்ததல்ல. மேலே யாரோ எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். எண்ணிக்கை எப்போதும்போல இருந்தால் உங்கள் ஊரின் கோளாறு உள்ளூரிலேயே இருக்கிறது.

இனி, யாரோடு சண்டை போடுவது என்று கேட்டீர்கள். விஏஓவோடு வேண்டாம். அவரால் தொகையைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அவர் எழுதும் அறிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதும். பெயர் நீக்கத்துக்குப் பொறுப்பு தனி வட்டாட்சியரும் கோட்டாட்சியரும். ஆய்வு செய், ஆளைக் குறை என்ற உத்தரவு சென்னையிலிருந்து வந்திருந்தால் பொறுப்பு மாநில அரசு. அம்மிச்சியின் வயதில் உள்ளவர்களுக்கு மாதம் 1,200-ல் 1,000 ரூபாயாவது மாநிலத்தின் காசு, ஒன்றியத்தின் 200 கிடைக்காதவர்களுக்கு முழுதும் மாநிலத்தின் காசு. அந்த 200 ரூபாய் 2007 முதல் ஏறாததற்குப் பொறுப்பு டெல்லி. ஒவ்வொரு குறையையும் அதற்குரிய இடத்தில் வையுங்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று டெல்லியைத் திட்டினால் உள்ளே இருப்பவருக்கு நிம்மதிதான்.

பத்துப் பேருக்கு நின்றிருக்கிறது என்பதுதான் உங்கள் கடிதத்தில் பலமான வரி. பத்துப் பேரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடும் தவற்றைச் செய்யாதீர்கள். கூட்டு மனுவுக்குக் கூட்டாக ஒரு பதில் வந்து ஃபைல் மூடப்படும். பத்துப் பேரும் பத்து மனு கொடுங்கள். அதன்மேல் பட்டியல் ஒன்று வையுங்கள்: பெயர், வயது, அனுமதி ஆணை எண், கடைசியாகப் பணம் வந்த மாதம், வாயால் சொன்ன காரணம், கையில் உள்ள ஆதாரம். பக்கத்து ஊர்களிலும் இதே பட்டியலைப் போடச் சொல்லுங்கள். ஐம்பது பெயர் சேர்ந்தால் எம்எல்ஏவிடம் கொண்டுபோங்கள். அவர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்று பார்க்க வேண்டாம். வருவாய்த் துறை மானியக் கோரிக்கை விவாதம் வரும்போது, அந்தியூர் வட்டத்தில் இத்தனை மாதத்தில் இத்தனை பேர் நீக்கப்பட்டார்கள் என்று எண்ணோடு கேட்கச் சொல்லுங்கள். எண் இல்லாத கேள்விக்கு அமைச்சர் திட்டத்தின் பெருமையைப் பேசி உட்கார்ந்துவிடுவார். எம்எல்ஏவிடம் நிதிநிலை அறிக்கை இணைப்புகள் இருக்கும். அதில் 2235-60-102 என்ற கணக்குத் தலைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்கள் அதன்கீழ் வரும். ஒதுக்கிய தொகையைவிடத் திருத்திய மதிப்பீடு குறைந்திருந்தால், ஒதுக்கிய காசையே செலவு செய்யாமல் வைத்திருக்கிறார்கள் என்று பிடித்துக்கொள்ளலாம். சண்டை அங்கேதான் சூடாகும்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. ஊராட்சியில் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் சபை கூட வேண்டும். அந்தப் பத்துப் பேரும் இந்த ஊரில் வசிக்கிறார்கள், ஆதரவு தேவைப்படும் நிலையில் இருக்கிறார்கள் என்று பெயரோடு தீர்மானம் போட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். "இடம்பெயர்ந்தார்" என்று எழுதிய அறிக்கைக்கு எதிராக ஊரே சாட்சி சொன்ன மாதிரி. நகல் வாங்கி மனுவோடு சேருங்கள்.

ஆர்ப்பாட்டம் என்று இறங்கினால், காவல் நிலையத்தில் குறைந்தது 5 நாள் முன்பே இடம், நேரம், ஆள் எண்ணிக்கை எழுதி அனுமதி கேளுங்கள். வயதானவர்களை வெயிலில் மணிக்கணக்காக உட்கார வைக்காதீர்கள். காலை 10 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் மனுவைக் கொடுத்துவிட்டுக் கலையலாம். கட்சிக்காரர்கள் வருவார்கள், வரட்டும். மனுவும் பட்டியலும் மட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். கொடியின் கீழே போய்விட்டால் அடுத்த தேர்தல் வரை அது அவர்கள் பேச்சுக்கு உதவும், அம்மிச்சியின் பாஸ்புக்கில் எண்ட்ரி விழாது.

கோர்ட்டுக்குப் போகலாமா? போகலாம், ஆனால் எதற்கென்று தெரிந்து போக வேண்டும். ஓய்வூதியத்தை உயர்த்து, புதுத் திட்டம் கொண்டு வா என்று நீதிமன்றம் சொல்லாது. முதுமையில் அரசு உதவ வேண்டும் என்று சொல்லும் அரசியல் சட்டப் பிரிவு 41-லேயே, அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்ற நிபந்தனை இருக்கிறது. முதியோர் ஓய்வூதியத்தை மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உணவு உரிமை வழக்கில் உத்தரவிட்டது. அதைப் பலரும் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த வழக்கே முடித்து வைக்கப்பட்டுவிட்டதால் அதை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள். உங்கள் பிடி வேறு: ஏற்கெனவே கொடுத்துவந்த ஒன்றை அறிவிப்பு தராமல், தரப்பைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இதைப் பிரிவு 226-ன்கீழ் உயர் நீதிமன்றம் கேட்கும். பெரும்பாலும் முதல் உத்தரவு, "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவு செய்க" என்று வரும். அதனால்தான் முத்திரை வாங்கிய பிரதி அவ்வளவு முக்கியம், அது இல்லாமல் பரிசீலிக்க ஒன்றும் இருக்காது. ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல், சேலம் மாவட்டத்தார் சென்னைக்கும், கரூர்க்காரர்களும் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்தாரும் மதுரைக் கிளைக்கும் போக வேண்டும். வக்கீல் பீஸுக்குக் கடன் வாங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஈரோடு நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள்.

மனு கொடுத்த பிறகு விஏஓவோ வருவாய் ஆய்வாளரோ நேரில் விசாரிக்க வருவார்கள். சொல்லிவிட்டு வர மாட்டார்கள். அம்மிச்சி காட்டு வேலைக்கோ, சந்தைக்கோ, மகள் வீட்டுக்கோ போயிருந்தால் "வீட்டில் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள், அது அப்புறம் "இடம்பெயர்ந்தார்" ஆகிவிடும். அந்த இரண்டு மூன்று வாரம் அவரை வெளியூர் அனுப்பாதீர்கள். உங்கள் போன் நம்பரை மனுவிலேயே எழுதி, பக்கத்து வலவிலும் சொல்லி வையுங்கள். விசாரணையில் ரேகை வைக்கச் சொன்னால், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அப்புறம் வையுங்கள். காலியாக விட்ட தாளில் வைக்கவே வேண்டாம். பணம் மறுபடி வரத் தொடங்கியதும் முதல் வரவைப் பாருங்கள். வெறும் 1,200 வந்திருந்தால் நிலுவை சேரவில்லை என்று பொருள். அதற்கு உடனே, அதே மனு எண்ணைக் குறிப்பிட்டு, இன்னொரு மனு கொடுங்கள்.